இரண்டாம் உருளையின் பட்டை

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் எங்கள் சலவை ஆலையில் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். வெளியே பனி கொட்டினாலும் சரி, உள்ளே உருளைகள் சூடேறிவிட்டால் குளிர் என்ற பேச்சே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளும் ஐந்தாறு ஓட்டல்களின் விரிப்புகளும் எங்களிடம்தான் வெளுக்க வருகின்றன. வெளுத்துப் பிழிந்த துணியைத் தள்ளுவண்டியில் குவித்துக் கொண்டுவந்து காலடியில் கொட்டுவார்கள். ஈர விரிப்பு பிணக்கனம் கனக்கும். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, ஒரே உதறு, ஒரே இழுப்பு, விளிம்பை நேராக்கி உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். உள்ளே ஈரமாகப் போவது அந்தப் பக்கம் மொடமொடவென்று காய்ந்து வரும். அங்கே இன்னும் இரண்டு பேர் மடிப்பார்கள். இங்கே நிற்கிற இருவரில் ஒருத்தியின் கை முந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு போய்ச் சிக்கும்.

மொத்தம் மூன்று உருளைகள். முதலாம் உருளையில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். ஆலையில் எனக்குப் பெயர் பெரியவ. என் தங்கைக்குச் சின்னவ. அம்மா போனபோது அவளுக்கு வயது ஒன்பது. அவளை வளர்த்து ஆளாக்குவதற்குள் எனக்குக் கல்யாண வயசு ஓடிப்போனது. போகட்டும், அதற்காக நான் ஒருநாளும் அழுததில்லை. அவளுக்குப் பதினெட்டு ஆனதும் ஆலைக்குக் கூட்டிவந்து எதிர்மூலையைக் கையில் கொடுத்தேன். எட்டு வருஷம் நாங்கள் ஜோடி. நான் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாலும் அவள் கை சரியாக வந்து நிற்கும். எங்கள் உருளையில் கோணல் விரிப்பு என்று ஒன்று வந்ததே கிடையாது.

அப்புறம் இரண்டாம் உருளைக்கு வந்து சேர்ந்தாள் அந்த மகராசி.

எதற்கெடுத்தாலும் "ஸ்தோத்திரம்" என்பாள். துணி வந்தால் ஸ்தோத்திரம், துணி தீர்ந்தால் ஸ்தோத்திரம், நீராவிக் குழாய் வெடித்துச் சீறினால்கூட முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்தோத்திரம். ஒரு வாரத்தில் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. வயது முப்பத்தைந்து இருக்கும். ஒண்டிக்கட்டை. சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தாள். அந்த அறையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்துப் பேர் உட்கார்ந்து ஜெபம் செய்வார்களாம்.

நானும் கிறிஸ்தவச்சிதான். குழந்தையிலேயே ஞானஸ்நானம் எடுத்தவள். ஞாயிறு தவறாமல் கோவிலில் முதல் பெஞ்சில் உட்காருகிறவள். ஆனால் இவளைப் போல விசுவாசத்தை வேலையிடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்ததில்லை. மடிப்பு மேஜையில் நிற்கிற, கட்டைக்குரல் என்று நாங்கள் கூப்பிடுகிறவளுக்கு இடுப்பு வலி என்றால், தன் சாப்பாட்டு நேரத்தில் போய் அவள் பங்கையும் மடித்துக் கொடுப்பாள். பாய்லர் அண்ணனின் மனைவி படுத்த படுக்கையானபோது, வேலை முடிந்து போய் மூன்று வாரம் அவளைக் குளிப்பாட்டினாள். ஆலை முழுக்க அவள் பேச்சுத்தான். பத்தொன்பது வருஷத்தில் எனக்குக் கிடைக்காத பேரை அவள் எட்டு மாசத்தில் தட்டிக்கொண்டு போனாள். என் வயிறு எரிந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ஒருநாள் சின்னவ வந்து, "நான் ரெண்டாம் உருளைக்கு மாறிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"ஏன், என் கை பிடிக்கலையா?"

"அதில்ல. அங்க எதிர்ல ஆள் நிலையா நிக்க மாட்டேங்குது. பாவம், அக்கா தனியாக் கஷ்டப்படுது."

அக்கா! அந்த வார்த்தை எனக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தேன். பதினேழு வருஷம் தலைவாரி, பேன் பார்த்து, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு நான் சம்பாதித்த வார்த்தை. அதை நேற்று வந்தவளுக்கு இவள் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டாள். "போயேன், யாரு உன் கையப் புடிச்சா?" என்றேன். அவள் போயே விட்டாள்.

இப்போது பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உருளைக்கும் முன்னால் விரல் உயரத்தில் ஒரு இரும்புப் பட்டை உண்டு. கை அதில் பட்டால் பட்டை உள்பக்கம் சாயும், ஓரத்திலிருக்கிற சுவிட்சு அமுங்கும், உருளை நின்றுவிடும். விரலைக் காப்பாற்றத்தான் அதை வைத்தார்கள். ஆனால் தடித்த விளிம்புள்ள ஓட்டல் விரிப்பு தட்டினால்கூட நின்றுவிடும். மறுபடி ஓட்ட மூன்று நிமிஷம் ஆகும். மூன்று நிமிஷம் நின்றால் மேஸ்திரிக்கு உயிரே போய்விடும். அதனால் பட்டை சாயாதபடி கிழிந்த துணியால் கட்டிவைப்பது எங்கள் ஆலையின் வழக்கம். முதலில் வருகிறவள் நான், மூன்றையும் கட்டுகிறவளும் நான். இத்தனை வருஷமாக ஒரு விரலும் போகவில்லை என்று நாங்களே பெருமையடித்துக்கொள்வோம்.

ஸ்தோத்திரம் வந்த மறுநாளே தன் பட்டையை அவிழ்த்தாள். நான் கட்டுவேன், அவள் அவிழ்ப்பாள். அவிழ்த்துவிட்டு, தினமும் காலையில் பட்டையை ஒருதரம் தட்டி, உருளை நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் விரிப்பைத் தொடுவாள்.

"ஏன்டி, உன் கர்த்தர் மேல உனக்கு அவ்வளவுதான் நம்பிக்கையா? அவர் பாத்துக்க மாட்டாரா?" என்று ஒருநாள் எல்லாரும் கேட்கும்படி குத்தினேன்.

"பாத்துக்குவார்க்கா. அதுக்குத்தான் பட்டையக் குடுத்திருக்காரு" என்று சிரித்தாள். மடிப்பு மேஜையில் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். சின்னவதான் முதலில் சிரித்தாள்.

மூன்றாம் உருளைக்காரிகளும் பட்டையை அவிழ்க்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டாம் உருளை ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை நிக்குது. முதலாளி என் கழுத்தப் புடிக்கிறாரு. நீ மூத்தவ. ஏதாவது பண்ணு" என்றார்.

நான் பண்ணினேன்.

புதன்கிழமை, பத்துமணித் தேநீர் இடைவேளை. எல்லாரும் வெளியே கொட்டகைக்குப் போய்விட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்னவ ஒரு ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவளிடம் கொடுத்தாள். என் தங்கை எனக்கு எப்போதும் பெரிய பாதியைத்தான் தருவாள். தலையில் கட்டியிருந்த நீலக்கட்டம் போட்ட துணியில் ஒரு முழம் கிழித்து, நான்காக மடித்து, இரண்டாம் உருளையின் ஓரத்துத் தகர மூடியைத் திறந்து, சுவிட்சுக்கு அடியில் திணித்தேன். இனி பட்டை சாயும், உருளை நிற்காது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் முழுக்க நிற்காமல் ஓடட்டும், சாயங்காலம் எல்லார் முன்னாலும், "பாத்தியா, பட்டை இல்லாமலே ஓடுச்சு" என்று அவள் முகத்தில் கரி பூசலாம் என்பதுதான் கணக்கு. விரலைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. பொறாமைக்காரிக்கு எதிரியின் முகம் மட்டும்தான் கண்ணில் நிற்கும்.

பதினொன்றரை மணிக்குச் சின்னவளின் அலறல் கேட்டது.

விளிம்பு சிக்கியிருக்கிறது. பட்டை இருக்கிறதே என்ற தைரியத்தில் நீவிவிடக் கையை நீட்டியிருக்கிறாள். பட்டை சாய்ந்தது, உருளை நிற்கவில்லை. வலது கையை விரிப்போடு சேர்த்து உள்ளே இழுத்தது. நான் பத்தடி தூரத்தில் மரம் மாதிரி நின்றேன். ஸ்தோத்திரம் ஒரே பாய்ச்சலாகப் போய், உருளையைத் தூக்குகிற கம்பியை, கொதிக்கிற கம்பியை, வெறுங்கையால் பிடித்து முழு உடம்பையும் போட்டு இழுத்தாள். அவள் உள்ளங்கை பொசுங்குகிற வாசம் எனக்கு அடித்தது. அவள் விடவில்லை. உருளை விரற்கடை அளவு உயர்ந்தது, கை வெளியே வந்தது. சின்னவ அவள் மார்பில் சாய்ந்து மயங்கினாள். அந்த நேரத்தில்கூட, ஆண்டவரே, அந்த நேரத்தில்கூட என் மனசில் ஒரு மூலையில், "என் மார்பில் சாயவில்லையே" என்று ஓடியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஓடியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை எல்லாரையும் தன் அறைக்கு வெளியே நிறுத்தினார் முதலாளி. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. நாங்கள் தேய்த்ததுதான்.

"சுவிட்ச மேஸ்திரி சோதிச்சுட்டாரு. நல்லாத்தான் வேலை செய்யுது. அப்ப தப்பு மிஷின் மேல இல்ல, ஆளு மேல. ஆளு தப்புன்னா ஆஸ்பத்திரிச் செலவு என் பொறுப்பில்ல. அந்தப் பொண்ணுக்கு இனிமே இங்க வேலையும் இல்ல. ரெண்டு விரல் இல்லாதவள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுவிட்சு வேலை செய்கிறதா? அப்படியானால் நான் திணித்த துணியை யாரோ எடுத்திருக்கிறார்கள்.

"அந்த உருளைல கூட நின்னது யாரு?" என்றார் முதலாளி.

ஸ்தோத்திரம் முன்னால் வந்தாள். இரண்டு கையிலும் கட்டு. "நான்தாங்க."

"பட்டைய நீ என்னமோ பண்ணியிருக்க. ஒத்துக்கிறியா?"

"இல்லைங்க. காலைல சோதிச்சேன், நல்லா நின்னுச்சு. இடைவேளைக்கு அப்புறம் மறுபடி சோதிச்சிருக்கணும். சோதிக்கல. அது என் தப்புத்தான்."

"யாராவது கை வச்சாங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "என் தப்பு எதுன்னு சொல்லிட்டேங்க. மத்தத நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லலேன்னா இப்பவே வெளிய போ."

அவள் போனாள். வாசலைத் தாண்டும்போது ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவள் ஒழிந்தாள். நியாயமாக நான் நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் ஆலையில் அவள் இருந்தபோது பேசியதைவிட, போன பிறகு இரண்டு மடங்கு பேசினார்கள். "அவ கை ஆறுச்சோ என்னவோ", "கம்பியப் புடிச்சாளே, நாம புடிப்பமா?" கேட்கக் கேட்க எனக்கு உள்ளே புகைந்தது. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவளைத் திட்டியாவது ஆறியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு போய், என்னைத் தனக்குக் கடமைப்பட்டவளாக ஆக்கிவிட்டாளே பாவி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் திருவிருந்து, அப்பமும் ரசமும் வாங்குகிற நாள். முதல் பெஞ்சு என்பதால் முதலில் எழுந்திருக்க வேண்டியவள் நான். எழுந்திருக்க முடியவில்லை. பின்னால் இருந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். பாதிரியார் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். நாற்பத்திமூன்று வருஷத்தில் முதல் தடவையாக வெறும் நாக்கோடு வெளியே வந்து நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

பெண்கள் வார்டில் சின்னவளின் கட்டிலுக்குப் பக்கத்தில், வேறு யார், அவள்தான். கட்டுப்போட்ட கையில் கரண்டியை இடுக்கிக்கொண்டு கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி கீழே சிந்தியது. இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னைக் கண்டதும் அவள் எழுந்து, "வாங்கக்கா, நீங்க குடுங்க" என்று கரண்டியை நீட்டினாள். நான் வாங்கவில்லை. வெளியே வராந்தாவுக்கு வா என்று கண்ணைக் காட்டினேன்.

வராந்தாவில் அவள் தன் கைப்பையிலிருந்து அந்த நீலக்கட்டத் துணியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"எல்லாரும் அவளத் தூக்கிட்டு ஓடினப்ப மூடியத் திறந்து பாத்தேன். உங்க தலைத்துணின்னு தெரிஞ்சுது. எடுத்து வச்சுக்கிட்டேன்."

"ஏன் சொல்லல? பெரிய தியாகியா நீ? உன் பிச்சை எனக்கு வேண்டாம்."

"பிச்சை இல்லக்கா." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. "உங்க வேலை போனா சின்னவள யாரு பாப்பா? அந்த நேரத்துல அதுதான் தோணுச்சு. நல்லவன்னு நினைச்சுக்காதீங்க. மூணு நாளா உங்கள வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டுத்தான் ஜெபத்துல உக்கார்றேன். ஜெபமே வரல. பாதியில எந்திரிச்சு மறுபடி திட்டுறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "திட்டு. நல்லாத் திட்டு. அப்பயாவது எனக்கு ஆறும்."

"திட்டி முடிச்சாச்சு. இன்னைக்குக் காலைலதான் விட முடிஞ்சுது. எனக்கு ஒரு காலத்துல சில பேரு கணக்குப் பாக்காம எல்லாத்தையும் மன்னிச்சாங்கக்கா. நான் என்ன பண்ணினேன்னு கேட்டா நீங்க இங்க நிக்க மாட்டீங்க. அந்தக் கிருபைய வாங்கிக்கிட்டு, உங்களுக்கு மட்டும் இல்லேன்னு எப்படிச் சொல்றது?" கட்டுப்போட்ட கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "இன்னொண்ணு சொல்லட்டுமா? உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கும்" என்றாள்.

"என்னைப் பாத்தா?"

"அவ வாயத் தொறந்தா உங்க கதைதான். அக்கா இப்படித் தலை வாரும், அக்கா இப்படித் திட்டும். என்னை அப்படி வளக்க ஒருத்தரும் இல்ல. அவ என்னை அக்கான்னு கூப்பிட்டப்ப, உங்களுக்குச் சுருக்குன்னு இருக்கும்னு தெரிஞ்சும் வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

இத்தனை நாள் அவளிடம் எல்லாம் இருக்கிறது என்று நான் புழுங்கிக்கொண்டிருக்க, அவள் என் அழுக்கு வீட்டைப் பார்த்து ஏங்கியிருக்கிறாள்.

"ஆனா துணிய மறைச்சது தப்புக்கா" என்றாள் அவள். குரல் இறுகியிருந்தது. "உங்கள மட்டும் நினைச்சேன். அதனால முதலாளி சுவிட்சு நல்லா இருக்குன்னு சுலபமாத் தப்பிச்சுட்டாரு. மத்த ரெண்டு பட்டையும் கட்டினபடியே இருக்கு. நாளைக்கு இன்னொருத்தி கை போகும். நான் மன்னிச்சதால அது நிக்குமா? நான் போய்ச் சொல்ல மாட்டேன். அது உங்க வாயிலேர்ந்து வரணும்."

உள்ளே போனேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சின்னவளிடம் சொன்னேன். தேநீர் நேரம், ரொட்டி, துணி, எல்லாம். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நீ போ அக்கா."

அவ்வளவுதான். தெருவில் அழுதுகொண்டே நடந்தேன், யார் பார்த்தால் எனக்கென்ன.

திங்கட்கிழமை விடியற்காலை உடுப்பு மாற்றும் அறையில் பதினாறு பெண்களை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். நீலக்கட்டத் துணியை நடுவில் போட்டேன். சொல்லி முடிப்பதற்குள் கட்டைக்குரல் ஓங்கி ஓர் அறை விட்டாள். காது கிண்ணென்றது. வாங்கிக்கொண்டேன். இன்னொருத்தி, "கூடப் பொறந்தவளா நீ? பேய்!" என்று காறித் துப்பினாள். அதையும் துடைத்துக்கொண்டேன்.

"என்னைய என்ன வேணா பண்ணுங்க. ஆனா பட்டை கட்டினத முதலாளி பாத்துக்கிட்டு நின்னாரா இல்லையா? பட்டைய அவிழ்த்தவ வெளிய. கட்டினவ உள்ள. இது என்ன நியாயம்?"

கட்டைக்குரல்தான் முதலில், "நீ கட்டினப்ப நாங்க யாராச்சும் வேண்டாம்னோமா? வேலை சீக்கிரம் முடியுதுன்னு சந்தோஷமாத்தான இருந்தோம்" என்றாள். என்னை அறைந்த கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சரி. இன்னைக்கு உருளைல துணி போகாது."

"ஆஸ்பத்திரித் துணி?" என்று மூன்றாம் உருளைக்காரி கேட்டாள். "வார்டுல விரிக்கத் துணி இருக்காதே. நம்ம சின்னவளே அங்கதான் படுத்திருக்கா."

இதற்குத்தான் நேரம் பிடித்தது. நிறுத்தினால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் முதலாளிக்கு உறைக்காது என்று சிலர் வாதாடினார்கள். முதலாளி மேலுள்ள கோபத்தில் நோயாளியைத் தண்டிப்பதா என்று சிலர். கடைசியில் ஒன்று முடிவானது. ஆஸ்பத்திரித் துணியை வெளுத்து, முற்றத்தில் கொடி கட்டி வெயிலில் காயவைத்து, கையால் நீவி மடித்து அனுப்புவோம். உருளையைத் தொட மாட்டோம். ஓட்டல் துணி ஒன்றுகூட நகராது.

ஏழு மணிக்கு முதலாளி வந்தார். மேஸ்திரி பின்னாலேயே ஓடிவந்தார். முற்றம் முழுக்க வெள்ளை விரிப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே மூன்று உருளைகளும் ஆறிக் கிடந்தன.

"என்ன கூத்து இது?"

நான் அவர் அறைக்குள் போய், நீலக்கட்டத் துணியை மேஜைமேல் வைத்தேன். "இதை சுவிட்சுல அடைச்சது நான். நீங்க வெளிய அனுப்பினவ இல்ல."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "ஆக, நீயே ஒத்துக்கிட்ட. போலீசுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும். போவோம். அங்கயும் இதையேதான் சொல்லுவேன். கூடவே, பத்தொம்போது வருஷமா மூணு பட்டையும் யாரு கண்ணு முன்னால கட்டியிருந்துச்சுன்னும் சொல்லுவேன். மேஸ்திரி என்னக் கூப்பிட்டு என்ன சொன்னாருன்னும் சொல்லுவேன்."

"பொய்! நான் அடைக்கச் சொல்லவே இல்ல" என்று மேஸ்திரி பதறினார். "ஏதாவது பண்ணுன்னு மட்டும்தான் சொன்னேன்!"

அறைக்கு வெளியே பதினாறு பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். முதலாளி அவரைப் பார்த்த பார்வையில் அவர் பொசுங்கிப்போயிருக்க வேண்டும்.

"சரி, இவ ஒருத்தி தப்புப் பண்ணியிருக்கா" என்று முதலாளி எங்களைப் பார்த்துத் திரும்பினார். "இவள அனுப்பிடறேன். மத்தவங்க வேலையப் பாருங்க. உங்களுக்கும் எனக்கும் என்ன பகை?"

கட்டைக்குரல் முன்னால் வந்தாள். "பட்டை கட்டியிருந்தத தினமும் பாத்துக்கிட்டே மடிச்சது நான். என்னையும் அனுப்புங்க."

"மெதுவா ஓட்டாதீங்க, சட்டுன்னு முடிங்கன்னு சின்னவள விரட்டினது நான்" என்றாள் இன்னொருத்தி.

"நானுந்தான் கொதிக்கக் கொதிக்க நீராவி விட்டேன்" என்று பாய்லர் அண்ணன் கதவிடுக்கிலிருந்து கத்தினார். அவரை யாரும் கூப்பிடவே இல்லை.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றார் முதலாளி.

"மூணு பட்டையும் ஒழுங்காகணும். சுவிட்சுக்குப் பூட்டுப் போடணும். சாவி எங்ககிட்ட இருக்கணும். சின்னவ வைத்தியம் உங்க பொறுப்பு. கை ஆறினதும் மடிப்பு மேஜைல அவளுக்கு வேலை. அப்புறம் ரெண்டாம் உருளைக்காரி உள்ள வரணும்" என்றாள் கட்டைக்குரல்.

"நடக்காது."

"அப்ப நாங்களும் வாசல்லயே இருக்கோம்."

ஆஸ்பத்திரித் துணியை முறைபோட்டு வெளுத்தோம். மற்ற நேரமெல்லாம் ஆலை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தோம். முதல்நாள் மத்தியானமே கட்டைக்குரல் போய் ஸ்தோத்திரத்தைக் கூட்டிவந்தாள். எல்லாரும் எழுந்து நின்று அவளுக்கு இடம் கொடுத்தார்கள். எனக்கு ஒருவரும் இடம் கொடுத்திருக்கவில்லை, ஓரத்தில் நானேதான் உட்கார்ந்திருந்தேன். பொறாமை ஒரே நாளில் செத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளைப் பார்த்ததும் வழக்கம்போலச் சுருக்கென்றது. அவள் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளால் தலைவார முடியவில்லை, கையில் கட்டு. நான் அவள் சிக்கை எடுத்துப் பின்னிவிட்டேன்.

மூன்றாவது நாளும் முதலாளி இறங்கிவரவில்லை. புது ஆட்களை வண்டியில் கொண்டுவரப் போவதாகச் செய்தி வந்தது. வண்டி உள்ளே போய்விட்டால் எங்கள் கதை முடிந்தது. வீட்டில் உலை வைக்க வழியில்லாமல் இருந்தவர்கள் எங்களில் பாதிப் பேர்.

அன்று காலை ஒன்பது மணி இருக்கும். தெருமுனையில் சின்னவ தனியாக நடந்து வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். வெளிறிப்போயிருந்தாள். எல்லாரும் ஓடிப்போய்ச் சூழ்ந்தார்கள். நான் போகவில்லை, போக எனக்கு என்ன முகம் இருக்கிறது? அவள் எல்லாரிடமும் பேசிவிட்டு வந்து, ஸ்தோத்திரத்தின் எதிரில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"தள்ளுங்க" என்றாள்.

ஸ்தோத்திரம் நகர்ந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள் சின்னவ.

அப்போதுதான் வண்டி வந்தது. பின்னால் முதலாளியின் கார். ஓட்டுநர் ஒலிப்பானை விடாமல் அழுத்தினான். யாரோ, "கையக் கோத்துக்கங்கடி!" என்று கத்தினார்கள். வாசலின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை கைகள் கோத்துக்கொண்டன. சின்னவ இடது கையை ஸ்தோத்திரத்தின் முழங்கைக்குள் கொடுத்தாள். நல்ல கை அவளுக்கு. எனக்குச் சுருக்கென்றது. என் பக்கம் இருந்தது கட்டுப்போட்ட கை.

அதைத் தொட எனக்குப் பயம். அந்தக் கட்டுக்குள் இல்லாத இரண்டு விரல்களையும் எடுத்தவள் நான். வரிசை என்னிடத்தில் மட்டும் அறுந்து நின்றது. வண்டி பத்தடி தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

சின்னவ இன்னும் எதிரே வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புடி அக்கா" என்றாள். "வலிக்காமப் புடி."

முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டேன். எங்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வண்டிக்காரன் ஒலிப்பானிலிருந்து கையை எடுத்துவிட்டு, திரும்பி முதலாளியின் காரைப் பார்த்தான்.